எல்லோருக்கும் ஒரே பொட்டலம்

பழைய செய்தித்தாளை எட்டாக மடித்து, மடிப்பின் மேல் கட்டைவிரல் நகத்தால் ஒரு கோடு இழுத்து, கத்தி இல்லாமலே கிழிப்பார் சிஸ்டர். எட்டுத் துண்டும் ஒரே அளவில் இருக்கும். துண்டின் நடுவில் மாத்திரைகளை வைத்து, நான்கு பக்கமும் மடக்கி, வெள்ளை நூலால் குறுக்கும் நெடுக்கும் ஒரு சுற்று. தலைவலிக்கு இரண்டு மாத்திரை வாங்க வந்தவருக்கும் அந்தப் பொட்டலம்தான். மாதக்கணக்கில் மருந்து சாப்பிடுபவருக்கும் அதுதான். இரண்டு மாத்திரைப் பொட்டலம் மெலிந்து தெரியக் கூடாது என்று உள்ளே கொஞ்சம் பஞ்சு வைத்துக் கட்டுவார்.

நான் அந்த மருத்துவமனைக்குப் போகத் தொடங்கிய வாரம் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி பழைய செய்தித்தாள். என் வீட்டில் அதற்குக் குறைவில்லை. அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன். தமிழ் நாளிதழ்களைத் தேதிவாரியாகக் கட்டி அடுக்கி வைத்திருந்தேன். நகரத்தில் என் வீடு இருந்த கரமனையிலிருந்து ஒரு கட்டைச் சுமந்து, கிழக்கேகோட்டையில் பேருந்து ஏறி, மடியில் வைத்துக்கொண்டு போனேன். அவர் முதல் தாளை எடுத்துத் தலைப்புக்குக் குறுக்கே கிழித்தார். தேதி இரண்டாகப் போனது.

"தேதி கிழிஞ்சு போச்சே சிஸ்டர்" என்றேன்.

"மருந்தோட தேதி உள்ள இருக்கு சாரே. இது வெளிய."

எல்லோரும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். கன்னியாஸ்திரீ அல்ல, நர்ஸ். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நல்ல உடல்வாகு, நடந்தால் மர அலமாரியின் கண்ணாடி அதிரும். திருமணம் ஆனவரா, பிள்ளைகள் உண்டா என்பது இரண்டு வருடம் பக்கத்தில் இருந்தும் எனக்குத் தெரியாது.

விழிஞ்ஞத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரைக் கிராமம். மருத்துவமனையின் பின்வாசலில் நின்றால் புதிய துறைமுகத்தின் பாரம் தூக்கிகள் தொலைவில் ஒட்டகச்சிவிங்கிகள் போலத் தெரியும். ஒரு அறக்கட்டளை நடத்திய மூன்று அறைக் கட்டடம் அது. டாக்டர் புதனும் சனியும் வருவார். மற்ற நாட்களில் சிஸ்டர்தான் எல்லாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று ஆண்டுக்கு இரண்டு முறை நான்கு நான்கு மாணவர்களை அனுப்பும். ஆறு வாரம் தங்கி ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், எடை எடுப்பார்கள், குழந்தைகளுக்குக் கை கழுவக் காட்டித் தருவார்கள். அவர்களுக்கும் மலையாளம் பேசும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் மொழி சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. அது நான்.

ஊரில் தேவசகாயம் என்று ஒரு பழைய மீன்பிடிக்காரர். எல்லைப்பக்கத்தவர், தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். மருந்தை எடுத்துக்கொண்டு பொட்டலத் தாளை விரித்து, பாதியில் அறுந்த செய்தியைச் சத்தமாகப் படித்துவிட்டு, மீதியை என்னிடம் கேட்பார். கோவில்பட்டியில் கிணற்றில் விழுந்த பசுவை மேலே எடுத்தார்களா இல்லையா என்று இரண்டு புதன்கிழமைகள் என்னை விடவில்லை. வீட்டில் எஞ்சிய தாள்களைப் புரட்டி நான் தேடியது உண்டு. கிடைக்கவில்லை.

சிஸ்டர் யாரையும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. பெஞ்சில் இருப்பவர்களைப் பார்ப்பார், ஒரு விரலை அசைப்பார், அந்த ஆள் எழுந்து வருவார். எல்லோரிடமும் சத்தமாக ஒரே கேள்விதான்: "மீன் கெடச்சா?" கர்ப்பிணியிடமும் அதுதான், கடலுக்கே போகாத தையல்காரரிடமும் அதுதான். உண்மையான கேள்விகளை நாடி பிடிக்கும்போது காதருகே கேட்பார். அப்போது அவர் முகம் சுவரைப் பார்த்து இருக்கும்.

ஒரு முறை நூல்கண்டு வாங்க என்னோடு சாலைக் கடைத்தெருவுக்கு வந்தார். கூட்டத்தில், கிராமத்துப் பெண் ஒருத்தி ஒரு மாடிப்படியிலிருந்து இறங்கினாள். அந்த மாடியில் மனநல டாக்டர் ஒருவர் இருந்தார். பலகையில் பெரிதாக எழுதியிருந்தது. அவள் எங்களைப் பார்ப்பதற்குள் சிஸ்டர் சட்டென்று திரும்பிப் பக்கத்து இரும்புக்கடையில் ஆணியின் விலை கேட்டார். கடைக்காரர் எந்த அளவு என்றார். "எல்லா அளவும் காட்டுங்க" என்றார். அவள் போய் மறையும் வரை ஆணிகளைப் புரட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைக்காரரின் பொறுமைக்காகக் கால் கிலோ வாங்கினார். பேருந்தில் ஏறியதும் ஆணிப் பொதியை என் மடியில் வைத்தார். "உங்க வீட்டில எதையாவது மாட்டுங்க சாரே."

செய்தித்தாள் பொட்டலம் எதற்கு என்று நான் நேராகவே ஒரு நாள் கேட்டேன். கிழித்த தாளைக் கீழே வைக்காமலே சொன்னார்: "காரணத்தச் சொன்னா, அந்தக் காரணத்துக்கு உள்ள ஆளையும் சொல்லணும்."

அவ்வளவுதான். நான் அதை நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். எழுதினேனே தவிர, புரிந்துகொள்ளவில்லை.

நான் இங்கே சொல்ல வந்த மழைக்காலத்தில் வந்த நான்கு மாணவர்களில் ஒருத்தி ஹன்னா. சிவந்து உரிந்த மூக்கும் ஓயாத உற்சாகமும் உள்ள பெண். சேர்ந்த பத்தாம் நாளே பெஞ்சில் இருப்பவர்களிடம் "சுகமாணோ?" என்று கேட்கப் பழகிவிட்டாள். பொட்டலங்கள் அவளை உறுத்தின. அச்சு மை மாத்திரையில் ஒட்டும், சுத்தமில்லை, யாருக்கு எது என்று தெரியாது என்றாள். அவர்கள் ஊரிலிருந்து பெட்டி நிறைய, வாயை அழுத்தி மூடும், கண்ணாடி போல் தெளிந்த பிளாஸ்டிக் உறைகளும் ஒட்டுச்சீட்டுகளும் கொண்டுவந்திருந்தார்கள். சிஸ்டர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று என்னைச் சொல்லச் சொன்னார். பிறகு பெட்டியை அலமாரியின் மேல் தட்டில் ஏற்றிவிட்டார். ஹன்னா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். நானும்தான்.

அடுத்த வாரம் சிஸ்டருக்கு நாகர்கோவிலில் தங்கை வீட்டு விசேஷம். ஒரு புதன்கிழமை இருக்க மாட்டார். நான் அங்கே இருந்த காலத்தில் அவர் எடுத்த முதல் விடுப்பு. செவ்வாய் மாலையே எல்லாப் பொட்டலங்களையும் கட்டி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு எண் போட்டு, எண்ணுக்கு நேரே பெயர் எழுதிய ஒரு சீட்டையும் அலமாரிச் சாவியையும் என் கையில் கொடுத்தார்.

அந்தச் சீட்டு என்னைத் தொல்லை செய்தது. அதில் ஒரே பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஸ்டெல்லா என்று வைத்துக்கொள்வோம், உண்மைப் பெயர் அது அல்ல. மருந்து ஆள் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்தேன். கோப்பு பார்த்துப் பழகிய கை சும்மா இருக்கவில்லை. சாவி இருந்தது. நோயாளிகளின் அட்டைகளை எடுத்து முழுப் பட்டியல் ஒன்று தயாரித்தேன்: பெயர், வீடு, நோய். கீழ் இழுப்பறையில் தனியாக, முதுகு மேலே தெரியக் கவிழ்த்து வைத்திருந்த சில அட்டைகளும் இருந்தன. விட்டுப்போய்விட்டன என்று நினைத்து அவற்றையும் சேர்த்தேன். ஹன்னா வாசிக்க வசதியாக மலையாளச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினேன். மூன்று விவரத்தையும் வாசித்து, ஆள் தலையசைத்த பிறகே மருந்தைக் கொடு என்று அவளிடம் சொன்னேன். மாணவர்கள் அன்று மாலையே பொட்டலங்களைப் பிரித்து, எண் பார்த்துக் கண்ணாடி உறைகளுக்கு மாற்றினார்கள்.

புதன்கிழமை காலை, டாக்டர் வருவதற்கு முன்பே, பெஞ்சுகள் நிறைந்திருந்தன. ஹன்னா வாசற்படியில் நின்று வாசித்தாள். வெள்ளைக்காரப் பெண் வாயில் தங்கள் பெயரையும் வீட்டையும் கேட்டு ஊர் மகிழ்ந்தது. "ஷுகர்" என்றால் சிரித்தார்கள், "பிரஷர்" என்றால் குழந்தைகள் கைதட்டின. அவள் முகம் மலர்ந்தது. நான் உள்ளே மேசையில் வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன்.

"ஸ்டெல்லா. கிணற்றடி வீடு. க்ஷயம்."

சிரிப்பு நின்றது. என் பேனாவும் நின்றது. உடம்பைத் தேய்க்கும் காசநோய்க்கு அங்கே அதுதான் சொல்; ஹன்னாவுக்கு அது வெறும் ஒலி. தலையசைப்புக்காகக் காத்துவிட்டு, நான் சொல்லியிருந்தபடியே இன்னொரு முறை, இன்னும் தெளிவாக வாசித்தாள்.

பெஞ்சின் ஓரத்தில் ஒருத்தி எழுந்தாள். மெலிந்த உடம்பு, முப்பது வயதிருக்கும். ஊர் அங்கன்வாடியில் குழந்தைகளுக்குக் கஞ்சி வைப்பவள். "எனிக்கு அசுகம் ஒண்ணுமில்ல. அது வேற ஸ்டெல்லா" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு வெளியே போனாள். மற்ற இரண்டு ஸ்டெல்லாக்களும் அங்கேயே இருந்தார்கள். இருவரும் ஒரே குரலில் நான் இல்லை என்றார்கள். கண்ணாடி உறைக்குள் ஒரு வாரத்துக்கான காசநோய் மாத்திரைகள் மேசை மேல் எல்லோருக்கும் தெரியக் கிடந்தன.

வியாழன் காலை நான் வழக்கத்துக்கு முந்திய பேருந்தில் போனேன். நிறுத்தத்திலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியில்தான் அங்கன்வாடி. வாசலில் எப்போதும் இருபது ஜோடிக்குக் குறையாமல் குட்டிச் செருப்புகள் கிடக்கும். அன்று நான்கு.

சிஸ்டர் வந்து பையைக்கூட இறக்காமல் நான் சொன்னதைக் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கடைசி மாத்திரை என்னைக்கு?"

போன புதன் கொடுத்த பொட்டலம் நேற்றுக் காலையோடு தீர்ந்திருக்கும் என்றேன். ஒரு வாரத்துக்கு மேல் கொடுத்தால் ஒற்றை அறை வீட்டில் ஒளித்து வைக்க இடமில்லை என்று வாரவாரம் வாங்கிப் போகிறவள் அவள் என்பது சிஸ்டர் சொல்லி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான்கு மாதம் முடிந்து, இன்னும் இரண்டு மாதம் பாக்கி.

"நான் போய் அவாகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வரேன் சிஸ்டர்."

"நீங்க போய் மன்னிப்பு கேட்டா, எதுக்குன்னு அடுத்த வீட்டுக்காரி கேப்பா. நான் மருந்தக் கொண்டு போனா, ஓ, அப்போ உள்ளதுதான்னு சொல்லுவா. ரெண்டுபேரும் இங்கதான் இருக்கணும்."

"அந்தக் கொழந்தைகள்?"

அவர் முதல் முறையாக என்னை முறைத்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். மருந்து தொடங்கின முதல் இரண்டு மாதம் அவள் அங்கன்வாடிப் படி ஏறவில்லை. சளியைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று வந்த பிறகே வேலைக்கு விட்டது. இப்போது மருந்தை நிறுத்தினால்தான் திரும்ப வரும். அப்போதுதான் பிள்ளைகளுக்குப் பயப்பட வேண்டும். "வேலையும் போயி, மருந்தும் போயிடும். அதாக்கும் இப்போ உள்ள காரியம்."

இரண்டு மாதம் வேலைக்குப் போகாததற்கு ஊருக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கால்ல அடி. கட்டு நான்தான் போட்டேன்."

எனக்கு நினைவு வந்தது. அவள் கால் கட்டோடு நொண்டி நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குப் போய் நாட்குறிப்பைத் திறந்தேன். அங்கே என் கையெழுத்தில், தேதியோடு, மணியோடு இருந்தது: கஞ்சி வைக்கும் பெண்ணுக்குக் கால் சுளுக்கு. அடிபடாத காலில் கட்டை மூன்று வாரத்துக்கு ஒரு முறை அவிழ்த்து மறுபடி கட்டியிருக்கிறார், என் கண்ணெதிரே. அன்று எனக்கு அவர் மேல் வந்தது மரியாதை இல்லை. ஒருவகைப் பயம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் என்னை உட்கார வைத்து, "அதே மாதிரி இன்னொரு லிஸ்ட் எழுதுங்க" என்றார். பெயரும் வீடும் சரியாக இருக்க வேண்டும். நோய் அவர் சொல்வதாக இருக்க வேண்டும். ஒன்றும் உண்மையாக இருக்கக் கூடாது. நாளைக்கு டாக்டர் நாள், அதே படியில் நின்று அதே பெண் வாசிப்பாள்.

பொய்யான தேதி ஒன்று வாழ்நாளில் எழுதியவனல்ல நான். அதைச் சொன்னேன்.

"புதன்கெழம எழுதினது எல்லாம் உள்ளதுதானே சாரே" என்றார். நான் பேனாவைத் திறந்தேன்.

அவர் ஒவ்வொரு பெயருக்கும் கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பிறகுதான் வாய் திறந்தார். முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான்கைந்து பெயர் தாண்டிய பிறகே விளங்கியது. தவறிக்கூட யாருடைய உண்மையும் யார் தலையிலும் விழக்கூடாது. சொல்லிவிட்டு மாற்றினால், மாற்றியது ஏன் என்று நான் ஊகித்துவிடுவேன். அந்தப் பட்டியலில் ஒரு அடித்தல் திருத்தல்கூட இல்லை. முடிந்தபோது அவருடைய மேலுதடு வியர்த்திருந்தது.

ஹன்னா புதன் மாலையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அவள் வாசித்த சொல்லின் பொருளை நான்தான் அவளுக்குச் சொன்னேன். குற்றம் என்னுடையது என்றும் சொன்னேன். அவள் ஊர் முழுக்கப் போய் விளக்கத் தயாராக இருந்தாள். சிஸ்டர் புதிய பட்டியலை அவளிடம் கொடுத்தார். மக்கள் சிரிப்பார்கள், நிறுத்தாமல் வாசிக்க வேண்டும், அவள் சிரிக்கக் கூடாது என்று சொல்லச் சொன்னார்.

"என்னை முட்டாள் என்று நினைப்பார்களா, அங்கிள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். நான் அதைச் சிஸ்டரிடம் சொன்னேன்.

"ஆமா. முட்டாள்னு நெனைக்கணும். அதாக்கும் வேண்டியது."

நான் அப்படியே மொழிபெயர்த்தேன். ஹன்னா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. கூட்டம் வழக்கத்தை விட அதிகம். மருந்துக்கு வந்தவர்களை விட வேடிக்கைக்கு வந்தவர்கள் அதிகம் என்று முகங்களிலேயே தெரிந்தது. மேசை மேல் மறுபடியும் செய்தித்தாள் பொட்டலங்கள், எல்லாம் ஒரே பருமன். ஸ்டெல்லா பெஞ்சில் இல்லை. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வலை காயப்போடும் கொட்டகையின் நிழலில், மருத்துவமனைக்கு வராதவள் போல, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

ஹன்னா படியில் ஏறினாள். தாளைப் பையிலிருந்து எடுத்து விரித்தாள்.

"தேவசகாயம். பள்ளி வளைவு வீடு. கர்ப்பம், ஏழாம் மாசம்."

பிறகு அந்தக் கிழவர் வயிற்றைத் தடவிக்கொண்டு எழுந்தார். "எட்டாச்சு மோளே. கணக்குத் தெற்றிப் போச்சு."

சிரிப்பு அலைபோல் எழுந்தது. ஹன்னா நிறுத்தவில்லை. கட்டுமஸ்தான படகோட்டிக்குத் தாய்ப்பால் குறைவு. மொட்டைத் தலையருக்குப் பேன். ஊருக்கு மொழி சொல்ல வரும் சாருக்குப் பல் முளைக்கிற காய்ச்சல். குழந்தைகள் தரையில் விழுந்து சிரித்தன. அவள் காதுமடல்கள் சிவந்து எரிந்தன.

"சிஸ்டர். ஆஸ்பத்திரி. க்ஷயம்."

சிஸ்டர் தன் பருத்த இரண்டு கைகளையும் விரித்துத் தன்னையே மேலும் கீழும் பார்த்தார். "க்ஷயிச்சு க்ஷயிச்சு நான் இப்பிடி ஆயிப்போனேன்" என்றார். பின்வரிசையில் ஒரு பெண், "இந்த மதாம்மைக்கு ஒரு அட்சரமும் அறிஞ்சுகூடா. அன்னைக்கும் இப்பிடித்தான் வாய்க்கு வந்தத வாசிச்சுது" என்றாள். புதன்கிழமை பெஞ்சில் முதலில் ஒதுங்கி உட்கார்ந்தவள் அவள்தான்.

"ஸ்டெல்லா. கிணற்றடி வீடு." ஹன்னா வரியின் மேல் விரலை வைத்தாள். "கள்ளுகுடி."

எல்லாத் தலைகளும் திரும்பின. கொட்டகை நிழலில் அவள் அசையவில்லை. ஹன்னா தலையசைப்புக்குக் காத்திருந்தாள். இந்த முறை இரண்டாம் தரம் வாசிக்கவில்லை. சிஸ்டர் மேசையில் குனிந்து நூல்கண்டில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சிக்கு எதுவும் இல்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

குடத்தைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு இன்னும் தொடங்கியில்ல மதாம்மே" என்றாள் ஸ்டெல்லா. குரல் முதலில் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. "சாயங்காலமாக்கும் குடிக்கிறது."

கூட்டம் வழிவிட்டது. அவள் தள்ளாடுவது போல இரண்டு அடி வைத்துக் காட்டிவிட்டு நேராக நடந்து வந்தாள். சிஸ்டர் நிமிராமலே ஒரு பொட்டலத்தை நகர்த்தினார்.

"மீன் கெடச்சா?"

"கெடச்சு சிஸ்டரே."

திங்கட்கிழமை அங்கன்வாடி வாசலில் செருப்புகள் பதினேழு ஜோடி இருந்தன. மற்றவர்களும் மெல்ல வந்தார்கள், ஒரு வீட்டுப் பிள்ளை மட்டும் பிறகு வரவே இல்லை. அந்த வீட்டார் நம்பவில்லை என்று அர்த்தமா, வேறு காரணமா, நான் கேட்கவில்லை. ஹன்னா ஊர் திரும்பும் வரை குழந்தைகள் அவளைக் கண்டால் வயிற்றைத் தடவிக்கொண்டு "ஏழாம் மாசம்" என்று கத்தின. அவள் அதற்கும் "சுகமாணோ?" என்றுதான் பதில் சொன்னாள். கண்ணாடி உறைகளைப் பட்டன் போட்டு வைக்கச் சொல்லி சிஸ்டர் அந்தத் தையல்காரருக்குக் கொடுத்துவிட்டார்.

இரண்டு பட்டியல்களும் என்னிடம் இருந்தன. முதலாவதை சிஸ்டர் கேட்டு வாங்கி, மண்ணெண்ணெய் அடுப்பில் கத்தரிகளும் இடுக்கிகளும் கொதிக்கும்போது அடியில் வைத்து எரித்தார். இரண்டாவது இன்னும் இருக்கிறது. என் நாட்குறிப்பில் அந்த வாரத்துக்குத் தேதி உண்டு, மழை உண்டு, பேருந்து தாமதமானது உண்டு. இதில் நான் ஊரின் பெயரையும் ஆண்டையும் சொல்லாதது மறதியால் அல்ல.

அதன் பிறகு இரண்டு மாதம் நான் வாரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டாவது புதனும் போனது. அடுத்த வாரம் மேசையில், செய்தித்தாளால் சுற்றி நூல் கட்டிய ஒரு தூக்குவாளி இருந்தது. திறந்தால் சேமியா பாயசம், இன்னும் சூடாக. அங்கன்வாடியில் விசேஷ நாளில் வைக்கும் பாயசத்தின் மணம் எனக்குத் தெரியும்.

சிஸ்டர் ஒரு டம்ளரில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். அறையில் வேறு யாரும் இல்லை. கதவும் சாத்தியிருந்தது. நான் தைரியமாகக் குரலைத் தாழ்த்திக் கேட்டேன், ஸ்டெல்லாவுக்கு மருந்து முடிந்துவிட்டதா என்று.

அவர் ஒரு தாளை எடுத்து எட்டாக மடித்தார். மடிப்பின் மேல் நகத்தால் கோடு இழுத்தார்.

"எந்த ஸ்டெல்லா சாரே?"